இருபத்து மூன்று நாள் பாதை

அக்கா எந்த ஊருக்கும் நேராகப் போய்ச் சேர்ந்ததே இல்லை. பொகவந்தலாவையில் கல்யாணம் என்றால் மூன்று தரிப்பு முன்னாலேயே பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கிவிடுவார். பட்டுச் சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, "இந்தப் பக்கம் ஒரு பாத போகுது பாரு புள்ள" என்று தேயிலைக்குள் நுழைந்துவிடுவார். பின்னால் நான். அட்டைக்கு ஒரு காலையும் வழுக்கலுக்கு மறு காலையும் கொடுத்துக்கொண்டு நாங்கள் போய்ச் சேரும்போது தாலி கட்டி முடிந்து, பந்தியும் முடிந்து, மாப்பிள்ளை மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டியிருப்பார். "சோறு இருக்குங்களா?" என்று கேட்டபடி கல்யாண வீட்டுக்குள் நுழைந்தவர்கள் இந்த மலையில் நாங்கள் இரண்டு பேராகத்தான் இருப்போம்.

கூடப் பிறந்த அக்கா இல்லை. ஹட்டன் பஜாரில் ஒரு பார்மசியில் இரண்டு பேரும் வேலை பார்த்தோம். அவர் என்னைவிட ஐந்து வயது மூத்தவர், கடையிலும் எனக்கு முந்தி வந்தவர். பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் போன் பண்ணி, "ஒன்னய யாரு கேட்டா?" என்று திட்டுவார். அவர் திட்டினால் மூன்று நாளைக்குக் காதில் கேட்கும்.

சைக்கிள் வாங்கியது இன்னொரு கூத்து. டிக்கோயாவில் வெளிநாடு போகக் கிளம்பிய ஒருவரிடம் பழைய கியர் சைக்கிள் ஒன்று வாங்கினார். எங்கள் பக்கத்தில் பொம்பளை ஒருத்தி சைக்கிள் ஓட்டி அன்றுவரை யாரும் பார்த்ததில்லை. பார்த்த பிறகும் நம்பவில்லை. எங்கள் மலையில் சைக்கிள் பாதி வழி நம்மைச் சுமக்கும், பாதி வழி நாம் அதைச் சுமக்க வேண்டும். ஏற்றத்தில் இருவரும் தள்ளுவோம். இறக்கத்தில் அவர் மட்டும் ஏறி உட்கார்ந்து பறந்துவிடுவார், நான் நடந்து வருவேன். இதில் எனக்கு என்ன லாபம் என்று பல தடவை கேட்டிருக்கிறேன். "ஒடம்பு எளைக்கும்" என்பார்.

சைக்கிளை பஸ்ஸில் ஏற்றும்போது கண்டக்டர் குறுக்கே நிற்பார். "மிஸ், மேக்க கெனியன்ன பே" என்பார், இதைக் கொண்டுபோக முடியாது என்று. அக்காவும் சிங்களத்திலேயே ஆரம்பிப்பார். போன வாரம் இதே பஸ்ஸில் பதினைந்து மூட்டை முட்டைக்கோவா ஏற்றினீர்களே, அது மட்டும் சீட்டு எடுத்ததா என்று கேட்பார். அவர் பேசி முடிப்பதற்குள் கண்டக்டர் சைக்கிளைத் தானே தூக்கி உள்ளே வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டிருப்பார்.

பௌர்ணமிக்கு வருகிற ஒவ்வொரு போயா விடுமுறைக்கும் இப்படி ஒரு பயணம். ஆனால் ஊர் பார்க்கிறவர்கள் பார்க்கிற எதையும் அவர் பார்க்கமாட்டார். வெள்ளைக்காரர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பாறையில் ஏறிப் படம் எடுக்கிற நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்திலேயே நடப்போம், திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் போகலாமே என்று ஒரு தடவை கெஞ்சினேன்.

"அதுக்குத்தான் ஏற்கனவே பேரு இருக்கே புள்ள. நாம எதுக்கு?" என்றார்.

அவருக்கு வேண்டியது பெயர் இல்லாத இடங்கள். பொல்பிட்டியவில் மின்நிலையத்துக்குப் போகும் பாதையை விட்டு இறங்கினால் நான்கே குடும்பங்கள் இருக்கும் ஒரு மூலை. கந்தப்பளைக்கு மேலே, மரக்கறித் தோட்டம் முடிந்து காடு தொடங்கும் இடத்தில், கூரைக்குக் கல் வைத்த ஒரு லயம், தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடு. போய் நின்றதும் சைக்கிளைச் சாத்திவிட்டு முதலில் எதிர்ப்படுகிறவரிடம் கேட்பார்.

"இந்த எடத்துக்கு என்னா பேருங்க?"

"லயந்தாங்க."

"லயம்னா எந்த லயம்?"

"ஆபீஸ்ல மூனாம் நம்பருனு சொல்லுவாங்க."

"ஆபீஸ கேக்கல. நீங்க என்னானு சொல்லுவீங்க?"

அப்போதுதான் உண்மையான பெயர் வெளியே வரும். எரிஞ்ச லயம். ஒத்தப்பீலி லயம். பத்துக் காம்பரா. எந்த அதிகாரியின் காகிதத்திலும் இல்லாத, ஆனால் அங்கே பிறந்த பிள்ளை பேச ஆரம்பித்ததும் சொல்லுகிற பெயர்கள். அக்கா அதைக் கொப்பியில் எழுதுவார். ஆனால் உடனே எழுதமாட்டார். அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. மூன்று பேர் ஒரே பெயரைச் சொல்ல வேண்டும், அதில் ஒருவராவது அங்கேயே குடியிருப்பவராக இருக்க வேண்டும். மூன்றாவது ஆளுக்காக மழையில் ஒரு மணி நேரம் மாட்டுக் கொட்டிலில் நின்றிருக்கிறோம். மூன்றும் கிடைத்ததும் கையிலிருக்கும் போனை எடுத்து, அந்த இடத்தில் நின்றபடியே, உலகம் முழுக்கப் பார்க்கிற வரைபடத்தில் அந்தப் பெயரைப் போடுவார். தமிழில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை.

"எதுக்குங்க கேக்குறீங்க, வூடு குடுக்கப் போறாங்களா?" என்று எல்லா லயத்திலும் கேட்பார்கள்.

"இல்லீங்க. பேரு மட்டுந்தான்."

"பேர வச்சிக்கிட்டு என்னா செய்யிறது?"

அதற்கு அக்கா பதில் சொன்னதில்லை. பதில் எனக்குத் தெரியும்.

தேயிலைத் தோட்டத்தில் கடிதம் எப்படி வரும் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. தபால்காரர் லயத்து வாசலுக்கு வருவதில்லை. தோட்டத்துக்கு வருகிற அத்தனை கடிதமும் ஒரே பையில் ஆபீசுக்குப் போகும். அங்கே கணக்கும் காகிதமும் பார்க்கிற பெரிய கிளாக்கர் அதைப் பெயர் பெயராகப் பிரிப்பார். காலையில் வேலை பிரித்துக் கொடுக்க எல்லோரும் கூடுகிற பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். ஆள் இல்லை என்றால் கடிதம் திரும்பவும் ஆபீஸ் மேசை லாச்சிக்குள் போகும். அங்கே அது எத்தனை நாள் கிடக்கும் என்பது பெரிய கிளாக்கரின் மனசைப் பொறுத்தது.

அக்காவுக்கு இருபது வயதில் அப்படி ஒரு கடிதம் வந்தது. எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் விஞ்ஞானம் படித்துப் பரீட்சை பாஸான பிள்ளைகளை அப்போது ஒரு கை விரலில் எண்ணிவிடலாம், அவர்களில் அவர் ஒருவர். தாதியர் பயிற்சிக்கான நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். உறையின் மேல் ஹட்டன் தபாலகத்து முத்திரை இருந்தது. அந்த முத்திரையிலிருந்து கடிதம் அவர் கைக்கு வந்த நாள்வரை இருபத்து மூன்று நாள். தேர்வு பத்தொன்பதாவது நாளே முடிந்துவிட்டது. அக்காவும் அப்பாவும் கொழும்புக்கு ஓடினார்கள், கெஞ்சினார்கள். அடுத்த வருஷம் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருஷம் அவருடைய அப்பா படுக்கையில் விழுந்தார். வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே, அக்கா பார்மசிக்கு வந்துவிட்டார்.

கடிதம் கைக்கு வந்த அன்றைக்குப் பெரிய கிளாக்கரிடம் போய்க் கேட்டபோது அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லையாம்.

"ஒரே பேருல நாலு பேரு இருக்கீங்க. எந்த லயம்னு போடல. லயத்துக்கு என்னா வெலாசம் இருக்கு? நான் என்னா வூடு வூடா தேடிக்கிட்டாத் திரியிறது?"

இந்த வார்த்தைகளை அக்கா எனக்குக் குறைந்தது நூறு தடவை சொல்லியிருப்பார். ஏற்றத்தில் சைக்கிள் தள்ளும்போது மூச்சு வாங்க வாங்க இதையே சொல்லித் தள்ளுவார். லயத்துக்கு என்னா வெலாசம் இருக்கு, ஒரு அடி. தேடிக்கிட்டாத் திரியிறது, இன்னொரு அடி. எனக்குக் கோபம் வந்தால் சாயங்காலம் வடையும் பிளேன்டீயும் வருவதற்குள் தீர்ந்துவிடும். அவர் தன் கோபத்தைச் சாப்பாட்டுப் பெட்டி மாதிரி தினமும் கட்டி எடுத்துக்கொண்டு வந்தார். ஒரு நாளும் வீட்டில் மறந்து வைத்ததில்லை.

அந்தக் கோபத்தால் நடந்த நன்மையையும் சொல்ல வேண்டும். ஒரு நாள் எரிஞ்ச லயத்திலிருந்து ஒரு அம்மா பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருந்து வாங்க வந்தார். அந்தப் பிள்ளை பிறக்கிற அன்று மருமகளுக்குத் திடீரென்று வலி கண்டதாம். ஆம்புலன்சுக்குப் போன் போட்டால் அதை ஓட்டுகிற சிங்களத் தம்பி எந்த இடம் என்று கேட்டானாம், எரிஞ்ச லயம் என்றதும் போனில் தேடி, தேயிலைக்குள் ஒரு இடத்திலும் வழி தப்பாமல் வாசலுக்கே வந்துவிட்டானாம். "எங்க லயம் எப்புடிங்க அவனுக்குத் தெரியும்?" என்று அந்த அம்மா ஆச்சரியப்பட்டார். பிள்ளையை அக்காவின் கையில் கொடுத்தார். நான் அழுதுவிட்டேன். அக்கா பிள்ளையின் கன்னத்தைத் தட்டிவிட்டு, அவர்கள் போன பிறகு சொன்னார்.

"இது அந்தாளு காதுல விழணும்."

அவ்வளவுதான். நல்ல காரியமெல்லாம் நல்ல மனசிலிருந்துதான் வர வேண்டும் என்று யார் சொன்னது? எனக்கு அவரை அப்படியேதான் பிடித்திருந்தது.

அந்த ஆள், அந்தப் பெரிய கிளாக்கர், ஒரு நாள் தானாகவே எங்கள் கடைக்கு வந்தார்.

மார்ச் மாதம். ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகியிருந்தது. காசல்ரீ நீர்த்தேக்கம் தெரிகிற ஒரு மேட்டில் வீடு கட்டி, மேலே இரண்டு அறை எடுத்து, வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். வருகிறவர்கள் எல்லோரும் போனைப் பார்த்துத்தான் வருவார்கள். வரைபடத்தில் யாரோ அவருடைய வீட்டை ஓடைக்கு அந்தப் பக்கம் போட்டுவிட்டார்கள். பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தவர்கள் ஒரு எருமைக் கொட்டில் வாசலில் போய் நின்று, திட்டி எழுதிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். ஏப்ரல் சீசன் வரப்போகிறது. போன் கடைக்காரரிடம் கேட்டதற்கு, "பார்மசி மிஸ்கிட்டப் போங்க, இந்தப் பக்கத்து மேப்பெல்லாம் அவங்க போட்டதுதான்" என்று அனுப்பியிருக்கிறார்.

"மகள், நீங்கதான் அந்த மேப்பு போடுற மிஸ்ஸா?" என்று சிரித்துக்கொண்டு கேட்டார். அழகான ஆபீஸ் கையெழுத்தில் வீட்டின் பெயரும் இடமும் எழுதிய ஒரு காகிதத் துண்டை நீட்டினார்.

அக்காவுக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. எனக்கு அக்காவின் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. வந்தவருக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை.

"பாக்குறோம்ங்க," என்றார் அக்கா மிகவும் மரியாதையாக. "வேல முடிஞ்சதும் சொல்லி அனுப்புறோம்."

அவர் வெளியே போனதும் அக்கா துண்டைக் கவுண்டர் லாச்சிக்குள் போட்டு மூடினார். சுவரில் தொங்கிய கலண்டரில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார்.

நானாக இருந்தால் அந்த வீட்டைத் தூக்கி நீர்த்தேக்கத்தின் நடுவில் வைத்திருப்பேன். பெட்டியோடு வருகிறவர்கள் கரையில் நின்று மீனைக் கூப்பிடட்டும் என்று சொன்னேன். அக்கா வேண்டாம் என்று தலையாட்டினார். "பொய்யான எடத்துல ஒன்னும் போடமாட்டேன். அது என் தொழிலுக்குக் கேடு. அவரு எனக்குச் செஞ்சதுல ஒரு நாளு கூடவும் வேணாம், ஒரு நாளு கொறையவும் வேணாம்."

அந்த ஆள் நான்கு நாளைக்கு ஒரு தடவை வந்தார். முதலில் வேனில் வந்தார், பிறகு பஸ்ஸில். வீட்டிலிருந்து பிரதான வீதி வரைக்கும் செங்குத்தான மண் பாதை, அதில் இறங்கி ஏறித்தான் வர வேண்டும். ஒரு தடவை மழையில் நனைந்து, சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, கணுக்காலில் அட்டை கடித்த ரத்தத்தோடு வந்து நின்றார்.

"மகள், அது என்னாச்சு?"

"பாக்குறோம்ங்க. உங்க பேருல இன்னும் ஒன்னும் வரல."

முழங்கால் வலிக்கு மாத்திரை கேட்டார். அக்கா எடுத்துக் கொடுத்து, காலையில் ஒன்று, இரவில் ஒன்று, சாப்பிட்ட பிறகு என்று நிதானமாக விளக்கினார். காயத்துக்குப் பஞ்சும் மருந்தும் வைத்தார். நல்ல தாதியாக வந்திருப்பார் என்று எனக்கு அன்றைக்குத்தான் முழுசாகத் தெரிந்தது. அந்தக் கிழவரைப் பார்த்து என் மனசு இளகியது என்று பொய் சொல்லமாட்டேன். அவர் நொண்டிக்கொண்டு படி இறங்கியதைக் கண்ணாடிக்குள்ளிருந்து கடைசிவரை பார்த்தேன். நன்றாக இருந்தது.

கலண்டரில் புள்ளிகள் ஏறின. சீசன் தொடங்கிவிட்டது. நுவரெலியா பக்கம் வாகனம் வாகனமாகப் போனது, அவருடைய மாடி அறை காலியாகக் கிடந்தது. ஒரு காலை கடை திறந்ததும் அக்கா, "இன்னைக்கு இருவத்தி மூனு நாளு" என்றார். நானும் கலண்டரில் எண்ணிப் பார்த்து, "ஆமாக்கா, இருவத்தி மூனு நாளு" என்றேன். அக்காவின் கைப்பைக்குள் அந்தப் பழைய கடிதம் இருந்தது.

பத்து மணிக்குக் கிளாக்கர் வந்தார். அக்கா லாச்சியிலிருந்து அவருடைய துண்டை எடுத்து மேசையில் வைத்தார். அதன் பக்கத்தில் கடிதத்தை வைத்தார்.

"இதப் படிச்சுப் பாருங்க."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். உறையைத் திருப்பிப் பார்த்தார். அவர் மறுப்பார் என்று நினைத்தோம். கத்துவார் என்று நினைத்தோம். ஒருவேளை மன்னிப்புக் கேட்பார் என்றும், கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்றும் அக்கா பல வருஷமாக யோசித்து வைத்திருந்தார்.

"இது யாருக்கு வந்ததுங்க?" என்று கேட்டார்.

"எனக்கு. உங்க லாச்சியில இருவத்தி மூனு நாளு கெடந்துச்சு."

அவர் நெற்றியைச் சுருக்கினார். உண்மையாகவே யோசித்தார். பிறகு ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்.

"அப்புடி எத்தனையோ கடதாசி கெடந்திருக்கும் மகள். எதுன்னு நான் ஞாபகம் வச்சிக்கிறது?"

அக்காவின் முகத்தை அன்று பார்த்த மாதிரி நான் எப்போதும் பார்த்ததில்லை. இத்தனை வருஷம், இத்தனை மேடு, இத்தனை அட்டைக்கடி. அந்த மனிதருக்கு அக்காவை மறக்க வேண்டிய அவசியம்கூட இருக்கவில்லை, அவரை நினைத்ததே இல்லை. எனக்குக் கவுண்டரைத் தாண்டிக் குதித்து அவர் சட்டையைப் பிடிக்கலாம் போல வந்தது. அக்கா ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். பிறகு போனைக் கையில் எடுத்தார்.

"எத்தன நாளா இதுக்கு அலையிறீங்க?"

"இன்னையோட இருவத்தி மூனு நாளு மகள். அந்தப் பாதையில ஏறி எறங்கி, இருவத்தி மூனு நாளுல என் முழங்காலே போச்சு."

"அந்தப் பாதைக்கு ஏதாச்சும் பேரு இருக்குங்களா?"

"பாதைக்கு என்னா பேரு? சும்மா பாததான்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். காலையில் அவர் ஒரு தடவை சொன்னார், நான் ஒரு தடவை சொன்னேன். இப்போது அங்கேயே குடியிருப்பவர் வாயாலும் வந்துவிட்டது. மூன்று பேர் ஆகிவிட்டது.

அடுத்த போயாவுக்குக் காத்திருக்கவில்லை. அன்றே அரைநாள் லீவு போட்டோம். அந்த மேட்டின் அடிவாரத்தில் சைக்கிளைச் சாத்திவிட்டு, வீட்டுவாசல் வரை நடந்து, அவருடைய வீட்டைச் சரியான இடத்தில், ஒரு அடி பிசகாமல் போட்டார். பிறகு பிரதான வீதியிலிருந்து அந்த வாசல்வரை வரைபடத்தில் பெயரில்லாமல் ஓடிய கோட்டுக்கு, தமிழில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை, இருபத்து மூன்று நாள் பாதை என்று பெயர் வைத்தார். இறங்கி வந்ததும் முதல் தடவையாகச் சைக்கிளை என்னிடம் கொடுத்து, "நீ ஓட்டு புள்ள" என்றார். எனக்கு ஓட்டத் தெரியாது என்பது அவருக்கு ஞாபகமே வரவில்லை.

பிறகு அக்காவின் தம்பிக்குக் கிளிநொச்சிப் பக்கம் காணி அமைந்து, குடும்பமே அங்கே போய்விட்டது. சைக்கிளை லொறியின் மேலே கட்டி எடுத்துப் போனார். "இங்க ஏத்தமே இல்ல புள்ள, சைக்கிளு தானாப் போகுது" என்று போனில் சொன்னார். அங்கேயும் பெயர் இல்லாத இடம் நிறையக் கிடக்கிறதாம்.

நான் இதே கவுண்டரில்தான் இருக்கிறேன். அந்தப் பாதையின் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆட்டோக்காரர்கள் அதைச் சொல்லித்தான் இடம் கேட்கிறார்கள், போன் அதைச் சொல்லித்தான் வெள்ளைக்காரர்களைத் திருப்புகிறது. வருகிறவர்கள் எல்லோரும் வீட்டுக்காரரிடம் கேட்கிற முதல் கேள்வி, ஏன் இந்தப் பெயர் என்பதுதான். அந்தக் காலத்துத் துரை ஒருவர் இருபத்து மூன்று நாளில் வெட்டிய பாதை என்று அவர் ஒரு கதை கட்டிவைத்திருக்கிறார். அந்தக் கதையோடு பிளாஸ்டர் வாங்க இங்கே வருகிறவர்களிடம் நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் உண்மைக் கதையைச் சொல்லி அனுப்புகிறேன். எத்தனை கூட்டம் இருந்தாலும் இதற்கு எனக்கு நேரம் இருக்கும். அது சுற்றிச் சுற்றி அவர் காதிலும் விழுந்துவிட்டது.

போன வாரம் அவரே வந்தார். படி ஏற முடியவில்லை, பிரஷர் மாத்திரையை இனி வீட்டுக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டார். அனுப்புவோம் என்று சொல்லிப் புத்தகத்தைத் திறந்தேன். அவர் வீட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டு போக எனக்குத் தெரியும்.

"வெலாசம் சொல்லுங்க," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். வரிசையில் பின்னால் நின்றவர்களைப் பார்த்தார். பிறகு குனிந்துகொண்டு, "இருவத்தி மூனு நாளு பாத" என்றார்.

"கேக்கல. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

அவர் இன்னொரு தடவை, கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். எனக்கு முதல் தடவையே நன்றாகக் கேட்டிருந்தது.